மாமாவின் செருமல்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். ஆள் வந்துட்டாங்களா? அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று லிஃப்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். வந்துட்டாங்க என்று சொல்லக் கூடாது. அது பொய், தெரிந்தால் கதவை உதைப்பார்கள். இன்னும் இல்லை என்றும் சொல்லக் கூடாது. அது உண்மைதான், ஆனால் கேட்டால் அழுவார்கள். கிளம்பிட்டாங்க என்று சொல்ல வேண்டும். மெக்கானிக் அப்போதுதான் டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கியிருப்பான். இருந்தாலும் கிளம்பிவிட்டான்தான், மனதளவில்.

லிஃப்டுக்குள் இருக்கும் சிவப்புப் பொத்தானை யார் அழுத்தினாலும் மணி அடிப்பது இந்தப் பெண்ணின் காதில். வயது இருபத்து மூன்று. எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருப்பவரிடம், "தைரியமா இருங்க சார், கீழ உக்காந்துக்கோங்க, கதவ மட்டும் தொடாதீங்க" என்று ஆரம்பித்து, அவருடைய பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், பெண்டாட்டி கோபக்காரியா என்பது வரை பேசி, மூச்சு சீராகும்வரை விடமாட்டாள். தைரியமா இருங்க, தைரியமா இருங்க என்று சொல்லிச் சொல்லியே மெக்கானிக்குகளிடம் அவள் பேர் தைரியம் என்றாகிவிட்டது. "தைரியம் இருக்கா?" என்று போனில் கேட்பார்கள். "இருக்கு, சொல்லுங்க" என்பாள். அந்தக் கம்பெனியில் இருந்த ஒரே நகைச்சுவை அதுதான்.

அவள் வேலை செய்தது ஆபீசில் இல்லை, வீட்டில். முன்னறை ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு போன், காதில் மாட்ட ஒரு ஹெட்செட். மேனேஜர் பெரிய மனது பண்ணி ஏற்பாடு செய்து கொடுத்தது. காரணம், உள்ளறையில் தாத்தா இருந்தார்.

தாத்தா என்றால் அம்மாவைப் பெற்றவர். ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து, லாரி டிரைவர்களையும் மூட்டை தூக்குகிறவர்களையும் வெறும் தொண்டையாலேயே கட்டி ஆண்டவர். இப்போது நேற்று நடந்தது நினைவில்லை; முப்பது வருஷத்துக்கு முன்னால் எந்த லாரியின் தார்ப்பாய் கிழிந்திருந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பேத்தியை யாரென்று தெரியவில்லை. வேலைக்கு வைத்த பெண் என்று நினைத்தார், அதுவும் வேலை செய்யாத பெண். "நாள் முழுக்க போன்ல எவன்கூடவோ கொஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கா" என்பது அவளைப் பற்றி அவர் வைத்திருந்த அபிப்பிராயம்.

இந்தப் பொறுப்பு அவளுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், யாரும் கொடுக்கவில்லை, எல்லோரும் கையை விட்டார்கள், கீழே விழாமல் அவள் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, உறவுக்காரர்கள் சமையலறையில் நின்று மெதுவாகப் பேசினார்கள். இனி பெரியவரை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு. மாமாவின் மனைவி, இவளுக்கு அத்தை, "பாப்பாதான் இருக்காளே, தங்கமான பொண்ணு" என்றாள். தங்கம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள். மட்டமான பொண்ணு என்று யாராவது அன்று சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி, தாத்தாவுக்கு ஒரே மகன். அவள் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இதே வீட்டில்தான் இருந்தார். அப்பனிடம் பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமாமல் அவரால் வாய் திறக்க முடியாது. "க்கும். ப்பா..." அது பயத்தில் வந்த வழக்கம். எதற்கும் சரி சரி சரி என்று மூன்று தடவை சொல்வதும் அப்படித்தான். தாத்தா மகனை ஒரு நாளும் ஒரு வார்த்தை நன்றாகச் சொன்னதில்லை. உருப்படமாட்டே, தேறமாட்டே, இரண்டும்தான். ஒரு நாள் வாய்ச்சண்டை முற்றி மாமா பெட்டியோடு வெளியேறி, நகரத்தின் இன்னொரு மூலையில் குடும்பம் வைத்துக்கொண்டார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும். "இன்னைக்கு வர்றேம்மா, கிளம்பிட்டேன்" என்பார். அந்தச் சொல்லுக்கு என்ன விலை என்று அவளுக்கா தெரியாது? நாள் முழுக்க அவள் விற்பதே அதைத்தான்.

மாமாவின் குரல் அவளுக்கு வந்தது ஒரு கோபத்தில். அம்மா போய்ச் சில மாதம் இருக்கும். ஒரு காலையில் தாத்தா குளியலறைக்குள் போய் உள்பக்கம் தாழ்போட்டுக்கொண்டார். குழாய் கொட்டுகிறது, ஆள் அசைகிற சத்தம் இல்லை. கெஞ்சினாள், மிரட்டினாள், அழுதாள். "யாருடி நீ, என்னையே கதவத் திறக்கச் சொல்ல?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. ஹெட்செட்டில் வேறு ஒருவன் ஐந்தாவது மாடியில் மாட்டிக்கொண்டு "மேடம், மேடம்" என்று அலறுகிறான். அவளுக்குப் பொறுமை போய்விட்டது. சின்ன வயதில் அம்மாவைச் சிரிக்க வைக்க மாமா மாதிரி பேசிக் காட்டியது தானாக வாயில் வந்தது.

"க்கும். ப்பா, கதவத் திறங்க. சரி சரி சரி, திறங்கப்பா."

தாழ்ப்பாள் விலகியது. சுவரோரம் ஒதுங்கி நின்ற அவளை அவர் பார்க்கவில்லை. "வந்துட்டியாடா?" என்று யாருமில்லாத கூடத்தைப் பார்த்துக் கேட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து மாமா அந்த வீட்டில் குடியிருந்தார், அவருக்கே தெரியாமல். காலையில் திரைக்குப் பின்னால் நின்று எழுப்புவது மாமா. மாத்திரை போடச் சொல்வது மாமா. கதவுக்கு வெளியே நின்று, "ப்பா, முதுகு தேய்க்க அந்தப் பொண்ணு வரும், திட்டாதீங்க" என்று சிபாரிசு செய்வதும் மாமாதான். மாமா சொன்னால் தாத்தா பூனைக்குட்டி. உள்ளே தாத்தா கத்தும்போது ஹெட்செட்டின் வாயைப் பொத்திக்கொண்டு மாமாவின் குரலில் அடக்கிவிட்டு, கையை எடுத்து மெல்லிய குரலில் தொடர்வாள்.

"யாருங்க மேடம் அந்த சார்?" என்று லிஃப்டில் இருப்பவர் கேட்பார்.

"எங்க மாமா."

"ரொம்பப் பொறுப்பானவர் போல."

"ஆமா சார், அவர் மாதிரி வராது. நீங்க கதவத் தொடாதீங்க."

ஆரம்பத்தில் அவளுக்கே சிரிப்பாக இருந்தது. போகப்போக எரிந்தது. கீழ்வீட்டு அம்மாள் எப்போதாவது எட்டிப் பார்க்க வந்தால் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்து, "என் மகன் இருக்கற வரைக்கும் எனக்கென்னம்மா குறை?" என்பார். உழைப்பது ஒருத்தி, பேர் வாங்குவது ஒருத்தர் என்பது எந்த வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் இங்கே அந்தப் பேரை அவள் தன் வாயாலேயே அவருக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போது பெரிய மெக்கானிக் ஒரு நாள் போன் செய்தார். யாரும் லிஃப்டில் மாட்டிக்கொள்ளவில்லை, தானாகவே பேசினார்.

"தைரியம், மெக்கானிக் டிரெய்னிங்குக்கு ஆள் எடுக்கறாங்க. நாலு மாசம், வெளியூர்ல தங்கிப் படிக்கணும். உன் பேரக் கொடுக்கவா?"

"நானா சார்?"

"நீதான் போன்லயே பாதி ரிப்பேரச் சொல்லிடறியே. மோட்டார் பிரேக்க விடுவிச்சு, சக்கரத்தக் கையால சுத்தி, ஆள் நிக்கற பெட்டிய மாடிக்கு நேரா கொண்டு வர்றத ஒரு தடவ செஞ்சு பாரு, அப்பறம் இந்தப் பேச்சு வேலைக்கு வரமாட்ட. ஆனா யோசிச்சுக்கிட்டே இருக்காத. இருபத்து நாலு வயசு தாண்டினா எடுக்க மாட்டாங்க."

அவளுக்கு வேண்டியது அதுதான். பேசிப் பேசி அவளுக்கு அலுத்துவிட்டது. உள்ளே இருப்பவர்களுக்கு ஆறுதல் சொல்லியே காலம் போகிறது. ஒரு தடவையாவது தன் கையால் ஒரு கதவைத் திறந்து ஒருவரை வெளியே விட வேண்டும். கொடுங்க சார் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நாலு மாதத்துக்கு ஒரு ஆள் வேண்டும். பெரியவர்களோடு இப்படி வீட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கென்றே நகரத்தில் ஒரு உதவி மையம் இருந்தது. கீழ்வீட்டு அம்மாளைக் கெஞ்சி ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு அவள் சனிக்கிழமைகளில் அங்கே போனாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, அமுக்கிக்கொள்ள ஆளுக்கொரு ரப்பர் பந்து தந்தார்கள். கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். கூட்டத்தை நடத்திய அக்கா நல்ல மனுஷிதான், குரலிலேயே தலையணை வைத்திருந்தார்.

"மத்தவங்களப் பாத்துக்கறதுக்கு முன்னாடி உங்கள நீங்க பாத்துக்கணும்" என்றார்.

"எப்பக்கா?" என்று ஒரு பையன் கேட்டான். அவன் அப்பாவுக்கு இரண்டு காலும் விழுந்துவிட்டது. அவன்தான் தூக்கி இறக்குகிறான்.

"கிடைக்கிற நேரத்துலப்பா."

அவன் பந்தை அமுக்கினான். அப்படி ஒரு அமுக்கு.

ஆனால் அந்த மையத்தில் ஒரு நிஜமான உதவியும் இருந்தது. வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் படிக்கவோ வேலை கற்கவோ வெளியூர் போனால், திரும்பி வரும்வரை மாற்றுத் துணையாக ஒரு ஆளை வீட்டிலேயே தங்க வைப்பார்கள். அந்தப் பிள்ளைதான் முக்கியமாகப் பார்த்துக்கொள்கிறது என்று உறுதியாக வேண்டும், அவ்வளவுதான். முன்பு எங்கேயோ சிலர் பெரியவரை அறையில் போட்டுப் பூட்டிவிட்டு, பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி உதவி வாங்கிவிட்டார்களாம். அதனால் மையத்திலிருந்து வீட்டுக்கு வந்து, நெருங்கிய உறவை வைத்துக்கொண்டு, பெரியவரின் வாயாலேயே கேட்பார்கள். நியாயமான விதிதான். வருகிற துணை ஆண் ஆளாக இருந்தால் அந்தச் செருமலைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

மையத்து அக்கா வந்த அன்று மாமாவும் வந்தார், சலவைச் சட்டையும் கையில் பழப் பையுமாக. வீட்டைச் சுற்றிப் பார்த்து, "ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கணும்" என்றார். வேறு ஒன்றும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பனுக்கு எதிரே நாற்காலி இருந்தும் பக்கவாட்டில் உட்கார்ந்தார். தாத்தா அவரைப் பார்த்துவிட்டு, எந்த ஆபீஸ் ஆளோ என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா குனிந்து கேட்டார். "ஐயா, உங்கள இந்த வீட்டுல யாரு பாத்துக்கறாங்க?"

தாத்தா நிமிர்ந்தார். சட்டைப் பொத்தானைத் தடவிச் சரிபார்த்துக்கொண்டார். "என் மகன்" என்றார்.

"மகனா?"

"ஒரே மகன்தான். காலைல எழுப்பறது அவன், குளிக்க வைக்கறது அவன். அவன் சொன்னாதான் மாத்திர முழுங்குவேன். அவன் குரல் கேக்கலன்னா எனக்கு ஒரு வாய் எறங்காதும்மா." கொஞ்சம் நிறுத்தி, "நான் அவன ரொம்பத் திட்டியிருக்கேன். ஆனா என்ன விடலயே அவன். அவன மாதிரி ஒரு பிள்ள யாருக்குக் கெடைக்கும்?" என்றார்.

மாமாவின் கையிலிருந்த பழப் பை கீழே இறங்கியது. அறுபது வருஷம் காத்திருந்தாலும் கிடைக்காது என்று அவர் கைவிட்ட வார்த்தை அது. கண் நிறைந்துவிட்டது. எழுந்து போய் அப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார், அவரும் கொடுத்தார்.

"நீங்கதான் பாத்துக்கறீங்களா சார்?" என்று அக்கா கேட்டார்.

அது நான் இல்லம்மா என்று சொல்ல ஒரு மூச்சு போதும். மாமா தரையைப் பார்த்தார். "என்னால முடிஞ்சது..." என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். பொய் சொல்வதிலும் தேர்ச்சி வேண்டும். பாதியில் நிறுத்தத் தெரிந்தால் மீதியைக் கேட்பவர்களே முடித்துக்கொள்வார்கள்.

"மாமா!" என்றாள் அவள். "சொல்லுங்க மாமா."

"எல்லாரும் சேந்துதானேம்மா பாத்துக்கறோம்."

"அக்கா, அது நான். தாத்தா சொல்ற குரல் என்னோடது. நான்தான் மாமா மாதிரி பேசறேன்."

அக்கா புரியாமல் பார்த்தார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இத்தனை நாளும் திரை இல்லாமல், கதவு இல்லாமல் அவள் அந்தக் குரலில் பேசியதில்லை. தாத்தாவுக்கு எதிரே, அவர் முகத்தைப் பார்த்து, செருமினாள். "க்கும். ப்பா, சரி சரி சரி. சாப்பிடுங்கப்பா." சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

தாத்தா அவள் வாயையே பார்த்தார். மகனின் குரல் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வருவதைக் கண்டு ஒரு கணம் நடுங்கினார். பிறகு அந்தப் பழைய கிடங்குக் கோபம் முகத்தில் ஏறியது.

"பாத்தியாம்மா?" என்றார் அக்காவிடம். "என் மகனக் கேலி பண்றா. நாள் முழுக்க இவளுக்கு இதுதான் வேல."

மாமா அப்பனின் கையைத் தட்டிக்கொடுத்தார், பரவாயில்லப்பா என்பதுபோல.

வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா அவள் தோளைத் தொட்டார். "நான் உன்ன நம்பறேம்மா. ஆனா பெரியவர் சொன்னத விட்டுட்டு நான் வேற எழுத முடியாது. மகனும் மறுக்கல. நீ சனிக்கிழமை கண்டிப்பா வா, என்ன?" துணை ஆள் கிடையாது என்பதை இவ்வளவு இதமாக யாராலும் சொல்ல முடியாது.

வெந்த புண்ணில் வேல் என்பது அடுத்த சனிக்கிழமை நடந்தது. மையத்தின் பெரிய கூடத்தில் குடும்பத்தினருக்கான கூட்டம். பக்கத்து அறையில் இவர்கள் வட்டமாக உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் மாமாவின் குரல். மகன்கள் முன்வருவது அபூர்வம் என்று அழைத்திருந்தார்கள், அவரும் போயிருந்தார். "பெத்தவங்களப் பாத்துக்கறது பாரமில்லைங்க, பாக்கியம்" என்றார். கை தட்டினார்கள். கால் விழுந்த அப்பாவின் மகன் மட்டும் அவள் முகத்தைப் பார்த்து, தன் ரப்பர் பந்தை அவளிடம் நீட்டினான். அவள் இரண்டு பந்தையும் சேர்த்து அமுக்கினாள்.

ஆனால் மாமா கல் இல்லை. கைதட்டு அவரைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். "பாப்பா, நீ டிரெய்னிங்குக்குப் போ. நாலு மாசம் நான் வந்து இருக்கேன். அப்பா என்னப் பத்தி அப்படிச் சொன்னாருல்ல, நான் இருக்கணும்."

"நெஜமாவா மாமா?"

"கிளம்பிட்டேன்னு வச்சுக்கோ."

அந்த வார்த்தையைக் கேட்டதும், எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். ஆனால் இந்தத் தடவை மாமா பையோடு வந்து நின்றார். அதுவும் டிரெய்னிங்குக்குப் போகிற பஸ்ஸுக்கு முந்தின நாளே வந்துவிட்டார். அவளுக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. திட்டியதையெல்லாம் மனதுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சாயங்காலம் சமையலறையில் வைத்து, மாமாவுக்கு மாமா மாதிரி பேசக் கற்றுக்கொடுத்தாள். அவர் குரல் இப்போது மாறிவிட்டிருந்தது, தடித்து, எதையும் கேட்டு வாங்கிப் பழகின குரல். அந்தச் செருமல் சுத்தமாக இல்லை.

"அத்தைக்குப் பிடிக்காது. எப்பப் பாரு என்ன செருமல்னு திட்டித் திட்டி விட்டுட்டேன்."

"இப்பச் செருமுங்க."

"க்ஹும்."

"அது சளி மாமா. நீங்க பயந்து செருமணும்."

"பயந்துன்னா?"

"தாத்தா முன்னாடி நிக்கறீங்க. கையில மார்க் ஷீட். கணக்குல போயிடுச்சு. இப்பச் செருமுங்க."

மாமா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நான் இப்படியா இருந்தேன்?"

"இப்படித்தான் இருந்தீங்க."

போனில் பதிந்து வைத்துப் போட்டால் போதாதா என்று கேட்டார். அதெல்லாம் அவள் முன்னமே பார்த்தாயிற்று. பதிந்த குரல் "சாப்டியாடா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது. மருந்துக் கடையிலிருந்து ஒருமுறை போனிலேயே மாமாவாகப் பேசினாள். மகன் வெளியே எங்கேயோ இருக்கிறான் என்று தாத்தா உள்ளாடையோடு தெருவில் தேடிக்கொண்டு போய்விட்டார். குரல் வீட்டுக்குள் இருக்க வேண்டும், சுவருக்கு அந்தப் பக்கம். வேறு வழியில்லை.

மறுநாள் காலை அவள் பை வாசலோரம் தயாராக இருந்தது. ஹெட்செட்டை மடித்து, கம்பெனி போனோடு பெட்டியில் வைத்துவிட்டாள். அந்த மேசை வெறுமையாக இருப்பதைப் பார்க்கவே நன்றாக இருந்தது. மத்தியானம் பஸ். தாத்தா குளியலறைக்குப் போனார், வழக்கம்போலத் தாழ்போட்டார். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டால் அவர் உள்ளேயே போகமாட்டார், அதுவும் செய்து பார்த்ததுதான்.

"போங்க மாமா" என்றாள்.

மாமா கதவருகே போனார். "க்கும். ப்பா, கதவத் திறங்க."

"எவன்டா அது?"

"நான்தான்ப்பா. உங்க மகன்."

"யாருகிட்டடா கத விடற? என் மகன் குரல் எனக்குத் தெரியாதா?"

மாமா மறுபடி செருமினார். மறுபடி கூப்பிட்டார். தன் பேரைச் சொன்னார், தன்னைப் பெற்றவள் பேரைச் சொன்னார், கிடங்கின் பேரைச் சொன்னார். உள்ளே வாளி உருண்டது. ஏதோ கனமாக மோதுகிற சத்தம், பிறகு ஒரு முனகல். குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது.

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "பாப்பா, நீ கூப்பிடு."

"நீங்க கூப்பிடுங்க மாமா. இன்னொரு தடவ."

"எனக்கு வரலம்மா. நீ கூப்பிடு. நீதான் நல்லாக் கூப்பிடற."

அவள் பையைப் பார்த்தாள். இப்போது தான் கூப்பிட்டால் கதை முடிந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி அந்த முனகல் வந்தது, குழந்தை முனகுவது மாதிரி. அதற்கு மேல் நிற்க அவளுக்கு மனசு வரவில்லை.

"க்கும். ப்பா, கதவத் திறங்க. நான் இருக்கேன்ல, திறங்கப்பா."

தரையில் தவழ்ந்து வருகிற சத்தம். தாழ்ப்பாள் விலகியது. அவள் பழக்கதோஷத்தில் சுவரோரம் ஒதுங்கிக்கொள்ள, கதவுக்கு நேரே நின்றது மாமா. ஈரமும் சோப்பு நுரையுமாக, நெற்றியில் ஒரு சிராய்ப்போடு, தாத்தா அவரை அண்ணாந்து பார்த்தார்.

"வந்துட்டியாடா?" என்று காலைக் கட்டிக்கொண்டார். "எவனோ ஒருத்தன் வந்து உன் பேரச் சொல்லி ஏமாத்தப் பாத்தான்டா."

மாமா அப்படியே உட்கார்ந்து அப்பனைக் கட்டிக்கொண்டு அழுதார். பார்க்க யாருக்கும் மனசு உருகும். தாத்தாவின் கண் மகனின் தோளுக்கு மேலே அவளைப் பார்த்தது. "அந்தப் பொண்ண உள்ள விடாத" என்றார். அவள் துண்டை எடுத்துவரப் போனாள்.

துடைத்து, உடுத்தி, கட்டிலில் படுக்க வைத்தபின் மாமா முன்னறைக்கு வந்தார். சட்டையெல்லாம் சோப்பு. "நெத்தியில பிளாஸ்திரி போடணும். கடையில வாங்கிட்டு வந்துடறேன்" என்றார்.

"சரி மாமா."

"நீ எப்படித்தான் தெனமும்..." என்று ஆரம்பித்து, வழக்கம்போல் பாதியில் நிறுத்திக்கொண்டார். "உனக்கு எது வேணும்னாலும் ஒரு போன் பண்ணு. நான் இருக்கேன்."

பிளாஸ்திரி வாங்கப் போகிறவர் துணிப் பையையும் ஏன் எடுத்துக்கொண்டு போகிறார் என்று அவள் கேட்கவில்லை.

பஸ் கிளம்பும் நேரத்துக்குப் பெரிய மெக்கானிக்கிடமிருந்து போன் வந்தது. "எங்கம்மா இருக்க? எல்லாரும் ஏறியாச்சு."

"கிளம்பிட்டேன் சார்" என்றாள்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? எத்தனை டீக்கடையில் நின்று அவரும் கிளம்பியிருக்கிறார். "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

உள்ளறையிலிருந்து தாத்தா கூப்பிட்டார். "ஏ பொண்ணு, என் மகன் எங்க?"

"கடைக்குப் போயிருக்காரு."

"பொய் சொல்ற. அவன் என்ன விட்டுட்டு எங்கயும் போக மாட்டான். உன்ன மாதிரியா அவன்?" கட்டில் கிறீச்சிட்டது, எழுந்து தேடப் பார்க்கிறார். "டேய், எங்கடா இருக்க?"

அவள் வாசலில் இருந்த பையை எடுத்து மேசைக்கு அடியில் தள்ளினாள். திரைக்குப் பின்னால் போய் நின்றாள். செருமுவதற்கு அவள் இன்று பயத்தை நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"க்கும். இங்கதான் இருக்கேன்ப்பா."

"போயிடாதடா."

"சரி சரி சரி" என்றாள். "நான் எங்கப்பா போகப் போறேன்?"